தேக்சாவுக்கு ஒரு விளிம்பு

பூபதிக்கு வெயில் வேண்டும். அவன் மனைவி அம்சவேணிக்கு மூடுபனி வேண்டும். தை மாதம் வந்தால் ஒரே வீட்டிலிருந்து எட்டுக்கை அம்மனுக்கு இரண்டு வேண்டுதல் போகும்.

“எட்டுக் கை இருக்கறவதான், ஆளுக்கொரு கையால குடுத்துருவா. ஆனா ஒரே களத்துல ஒரே காலையில எப்படிக் குடுப்பா?” என்பாள் மாதம்மாள். பூபதியின் அக்கா, பக்கத்து வீடு. இந்த வீட்டுப் பேச்சில் பாதி அங்கேயே கேட்கும். மீதியை அவள் நேரில் வந்து கேட்டுக்கொள்வாள்.

வெயில் மிளகுக்கு. உதிர்த்த பச்சை மிளகு சிமென்ட் களத்தில் சில நாள் கிடந்து, சுருங்கிக் கறுத்தால்தான் மூட்டை கட்ட முடியும். மூடுபனி பாத்திரத்துக்கு. அம்சவேணி எவர்சில்வர் பாத்திரங்களைப் படம் எடுப்பவள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் போனை விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று ஒரு டிபன் பாக்ஸ் நிற்கிறதே, அந்த மாதிரிப் படங்கள். அதை எடுத்தவள் மலைமேல் எடப்புளி நாட்டில் ஓட்டு வீட்டில் இருக்கிறாள் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

“பாத்திரத்துல நம்ம மூஞ்சி தெரிஞ்சா அந்தப் படம் ரிஜெக்ட்டுங்க,” என்பாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் அவள் திருப்பூருக்குப் போனாள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் போட்டோ ரூமுக்கு வெளியே நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாள். காலருக்குள் அட்டை வைப்பார்கள், முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுப்பார்கள், ஒரு சுருக்கத்துக்காக மூன்று பேர் சண்டை போடுவார்கள். ‘இதுக்கு ஒரு ஆளு போட்டுட்டு நின்னாத் தேவலையே’ என்று அப்போது நினைத்தாள். கல்யாணமாகி மலைக்குத் திரும்பியதும் எல்லாம் மறந்துபோயிற்று. மிளகு முடிந்தால் பூபதியும் அவளும் கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். மகள் ராதிகா கீழே ஹாஸ்டலில் இருப்பாள். மலையில் பாதி வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்கு ஓட்டைக் குடத்தை மாற்றப் போனாள். ஜெய்லானி பாயின் பாத்திரக் கடை. பாயின் மகள் சபீரா, கடைச் சரக்கை ஆன்லைனில் போட ஆரம்பித்திருந்த சமயம். வாசலில் முக்காலி வைத்து, அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மூடியில் ஜெய்லானி பாய் தெரிந்தார். தொப்பி, தாடி, கையில் டீ கிளாஸ் எல்லாம் தெளிவாக.

“இதைப் பாருங்கக்கா,” என்று சபீரா பழைய படம் ஒன்றைக் காட்டினாள். கீழே யாரோ கேள்வி எழுதியிருந்தார்கள்: மூடியில் இருக்கும் பெரியவரும் சேர்ந்துதான் வருவாரா?

“அத்தா, நீங்க உள்ளார போங்க. இல்லாட்டி உங்களையும் பேக் பண்ணித்தான் அனுப்பணும்.”

“நான் நகந்தா எதுத்த பேக்கரி தெரியும்மா. நானே இருந்துட்டுப் போறேன்,” என்றார் பாய்.

அம்சவேணி குடத்தை மறந்துவிட்டு அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பளபளப்பான சாமான் எதிரே இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. எதிரே ஒன்றுமே இல்லாவிட்டால்?

“கண்ணு, ரெண்டு பாத்திரம் குடுத்து உடு. எங்க மேல மஞ்சு இறங்குச்சுன்னா மரம், மாடு, மனுசன் ஒண்ணும் தெரியாது. பாத்திரத்துல மட்டும் என்ன தெரிஞ்சுரப்போவுது?”

அடுத்த மூடுபனியில் எடுத்த டிபன் பாக்ஸ் நிலா மாதிரி வந்தது. அன்றிலிருந்து அட்டைப்பெட்டிகள் பஸ்ஸில் ஏறி வருகின்றன, பஸ்ஸில் இறங்கிப் போகின்றன. பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, பின்னணியை வெட்டி முழு வெள்ளையாக்கக் கற்றுக்கொண்டாள். முதல் படத்தில் பாத்திரம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒரு கரண்டிகூட ஆகாது. இரண்டாவது படத்தில் வேண்டுமானால் சோறு போடலாம். கேரளப் பயணம் நின்றது. ராதிகா ஹாஸ்டலிலிருந்து வந்து உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது அம்மா கையால் சாப்பிட்டு, அம்மாவோடு சண்டையும் போட்டுக்கொண்டு எட்டாவது படிக்கிறாள்.

இந்தத் தை மாதத்தில் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

ரம்ஜானுக்காக சபீரா பிரியாணி தேக்சாக்களை இறக்கியிருந்தாள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு, வயிறு உருண்ட, கண்ணாடிப் பளபளப்புள்ள பாத்திரங்கள். அம்சவேணி வழக்கம்போல மூடுபனியில் எடுத்தாள். டிபன் பாக்ஸுக்கு மூலை முடுக்கு உண்டு, அது வெள்ளைக்குள்ளும் தெரிந்துவிடும். உருண்ட தேக்சா அப்படியில்லை. வெள்ளைப் பின்னணியில் ஓரம் எது, வெறும் இடம் எது என்றே தெரியவில்லை. இரண்டு கைப்பிடிகளும் ஒரு மூடியும் காற்றில் மிதந்தன. விளிம்பை லேப்டாப்பில் கோடு போட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் கலர் அடித்த மாதிரி இருந்தது. வெயிலில் எடுத்தால் வயிற்றில் நெருப்பு மாதிரி ஒரு பொட்டும் அதன் கீழே அவளுடைய சொந்த வீடும். அனுப்பியதெல்லாம், பொருள் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது.

சபீராவின் கணவன் பிலால் போன் செய்தான். கணக்கும் விளம்பரமும் அவன் பொறுப்பு.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. பேய் வீட்டுச் சட்டி மாதிரி இருக்குது. விளம்பரத்துல கட்டைவிரல் அளவுக்குத்தான் படம் வரும், அதுல சுத்தமாத் தெரியல. நோம்பு நெருங்கிருச்சு. சேலத்துல ஒரு ஸ்டூடியோக்காரரு இருக்காரு. ஆனா அவரு எடுத்தா எல்லாத்தையும் எடுப்பாரு, பாதி உங்களுக்கு பாதி அவருக்குன்னா ஒத்துக்க மாட்டாரு.”

“இன்னும் ஒருக்கா எடுத்துப் பாக்கட்டுங்களா?”

“இந்த வாரத்துக்குள்ள எடுங்கக்கா. அதுக்கு மேல என் கையில இல்ல.”

அந்த வாரம் பார்த்து வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. பூபதி விசிலடித்துக்கொண்டு மிளகைத் துழாவினான். மஞ்சு வருகிறதா என்று வடக்கே பார்த்துப் பார்த்து அம்சவேணிக்குக் கழுத்து வலித்தது.

“ஏனுங்க, மஞ்சு வந்தா எனக்குக் களம் வேணும். சுத்தி மரமில்லாத எடம் அது ஒண்ணுதான்.”

“மிளகை எங்க கொண்டுபோய்க் கொட்டறது? உன்ற தலையிலயா?”

“ஊட்டுக்குள்ள?”

“ஊட்டுக்குள்ளதான் உன்ற சட்டி பானையெல்லாம் உக்காந்திருக்குதே. நான் படுக்கறதே ஒரு தேக்சாவைத் தள்ளிட்டுத்தான்.”

அது பொய்யில்லை. ராதிகா ஒரு தேக்சாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினாள்.

வாரம் முடியும் தறுவாயில் ஒரு விடியலில் மஞ்சு இறங்கியது. வாசலில் நின்றால் கொய்யா மரம் தெரியவில்லை. பூபதி டீக்கடைக்குப் போயிருந்தான். அம்சவேணி மேசையைக் களத்தின் நடுவே தூக்கிப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தேக்சாவை ஏற்றித் துடைத்தாள். போன் வழியாகப் பார்த்தாள். தேக்சாவின் வயிறு முழுக்க நீலம். இரவு ஈரம் படாமல் மிளகுக் குவியல்களைப் பூபதி நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தான்.

ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் தார்ப்பாயை இழுத்து எடுத்துவிட்டாள்.

நீலம் போயிற்று. கூடவே விளிம்பும் போயிற்று. அதே பேய் வீட்டுச் சட்டி. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் வெள்ளையில் வெள்ளை கரைந்தது. நாலாவது படமோ ஐந்தாவது படமோ எடுக்கும்போது பின்னால் பூபதியின் குரல் கேட்டது.

“ஏம்புள்ள, படுதாவை யாரு எடுத்தது?”

“நாந்தானுங்க. செத்த நேரம்.”

“வாரம் முழுக்க வெயிலு வாங்கி வச்சது. செத்த நேரமாம்.”

அவன் சத்தம் போடுகிறவனில்லை. கோபம் வந்தால் கைகால் வேகமாகும், அவ்வளவுதான். ஈரம் ஏறிய மிளகு குவியலாகக் கிடந்தால் பூசணம் பிடிக்கும். திறந்தது திறந்தாயிற்று, பரப்பிவிட்டால் வெயில் வந்ததும் சீக்கிரம் காயும். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு இரண்டு கால்களாலும் குவியல்களைக் கலைத்தான். மேசையைச் சுற்றிச் சுற்றி, அவளைப் பார்க்காமல், களம் முழுக்க இழுத்து இழுத்துப் பரப்பினான்.

அம்சவேணி அவன் நகரட்டும் என்று போனைப் பிடித்தபடி நின்றாள். அப்போதுதான் திரையில் அதைப் பார்த்தாள். தேக்சாவின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் மை தீட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பூபதியின் கால் போன இடமெல்லாம் கோடு நீண்டது.

“நில்லுங்க,” என்றாள்.

“நான் எதுக்கு நிக்கறது?”

“நிக்க வேண்டாம், அந்த ஓரத்துக்கும் பரப்புங்க.”

கோடு வயிற்றின் பாதிவரைதான் ஏறியது. தரையிலிருக்கும் மிளகு, சட்டியின் கீழ்ப்பாதிக்குத்தான் தெரியும். மேலே தோள்பட்டை இன்னும் காற்றில்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

“ஏனுங்க, உள்ள குடை இருக்குது. எடுத்துட்டு வாங்க. நங்கையா, உங்க ஊட்டுக் குடையும் வேணும்,” என்று பக்கத்து வீட்டு நாத்தனாருக்கும் குரல் கொடுத்தாள்.

மாதம்மாள் அழைப்புக்குக் காத்திருந்தவள்போல வந்தாள். கறுப்புக் குடைகளை விரித்துக்கொண்டு அக்காவும் தம்பியும் தேக்சாவுக்கு வலதும் இடதுமாக, படத்தில் விழாத தூரத்தில் நின்றார்கள்.

“மழையும் இல்ல, வெயிலும் இல்ல. சட்டிக்கு என்னத்துக்குடா குடை?”

“சாமி பொறப்பாடுன்னு நெனச்சுக்க.”

“அப்ப மேளம் எங்கடா?”

“பேசாதீங்க நங்கையா, குடை ஆடுது.”

“ஒரு சட்டிக்கு இருக்கற மருவாதி எனக்கு என்ற கல்யாணத்துலகூட இல்ல,” என்றாள் மாதம்மாள், குடையை ஆட்டாமல்.

பெரியது, நடுத்தரம், சின்னது என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார்கள். கடைசித் தேக்சாவின் மூடியில் கொய்யா மரம் பச்சையாக எட்டிப் பார்த்தபோது மஞ்சு மேலேறிவிட்டிருந்தது. போதும் என்றாள் அம்சவேணி. பூபதி குடையை மடக்கிவிட்டு ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்தான். காய்ந்த மிளகு பல்லுக்கடியில் சத்தம் போடும். இது போடவில்லை. இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்றான். அவள் காலை இட்லிக்குக் கூடுதலாக ஒரு சட்னி அரைத்தாள்.

படங்களை வெட்டிச் சுத்தம் செய்து அனுப்பிய மறுநாள் பிலால் கூப்பிட்டான்.

“அக்கா, எல்லாம் பாஸ். சின்னதா வந்தாலும் கிண்ணுனு நிக்குது. சேலத்துக்காரருகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆமா, என்ன லைட்டு போட்டீங்க?”

“மிளகுங்க.”

“என்னதுங்கக்கா?”

“மிளகு. அப்பறம் ரெண்டு குடை.”

“சரிங்க,” என்றான் பிலால். புரியாவிட்டாலும் பாஸான படத்தைக் கேள்வி கேட்கிறவனில்லை. “கஞ்சிக் குண்டான் ஒரு செட்டு வந்திருக்கு. அதுவும் உருண்டைதான். நாளைக்குக் காலை பஸ்ஸுல போட்டு உடறேன்.”

பக்கத்தில் நின்று கேட்ட ராதிகா, “அப்ப ஹாஸ்டலு?” என்றாள்.

“படிக்கற புள்ளைங்களைத்தான் அங்க சேப்பாங்களாம். போய் உக்காந்து எழுது.”

பெட்டிகள் வந்த அன்றைக்கே மிளகும் காய்ந்து முடிந்தது. பூபதி சாக்கை உதறிப் பிடித்தான். அம்சவேணி களத்து ஓரத்தில் வந்து நின்றாள்.

“ஏனுங்க, இன்னொரு மஞ்சு வரைக்கும் அப்படியே கிடக்கட்டுமே.”

“அன்னைக்கு என்னமோ களத்தைக் காலி பண்ணச் சொன்னே.”

“அது அன்னைக்கு.”

“வியாபாரி ஜீப்பு கொண்டாந்து நிறுத்தறான். மஞ்சு வரலேன்னு அவனைத் திருப்பி அனுப்பவா?”

பூபதி மிளகை முறத்தில் அள்ளிப் புடைக்க ஆரம்பித்தான். நல்ல மிளகு சாக்குக்குள் போயிற்று. யாரும் வாங்காத பொக்கு மிளகு பறந்து களத்தில் விழுந்தது. மற்ற வருசங்களில் அதைக் கூட்டி வாழைக்குழியில் தள்ளிவிடுவான். இம்முறை சாக்குகளைக் கட்டி முடித்தபின் துடைப்பத்தை எடுத்து, பொக்கையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, தார்ப்பாயை மேலே போட்டான்.

“இந்தா, உன்ற பங்கு. இதைப் பரப்பிக்க. உள்ள ஒண்ணும் இல்லீன்னு சட்டிக்குத் தெரியவா போவுது?”