மாங்காய் இல்லாத ஒரு சாண்

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு மாடியறை எடுத்து, சுற்றுவட்டாரத் தறிகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவள் பிரபாவதி. அவள் வரைந்ததைத் தறி படிக்கும் கோப்பாக மாற்ற வேறொரு மென்பொருள் உண்டு. அதை ஒவ்வொரு படத்துக்கும் தட்டிச் சலித்துப்போய், அந்த வேலையைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்டை அவளே எழுதினாள். தன்னுடைய நாலு வரி, யாரோ எங்கோ எழுதிய மென்பொருளைக் கூப்பிட்டு வேலை வாங்கியதைப் பார்த்தபோது அவளுக்குப் புல்லரித்தது.

அக்கா வீட்டுக்காரர் சுதாகரின் தங்கை அம்முவுக்கு மலைமேல் கல்யாணம். முகூர்த்தப் புடவை அம்மையார்குப்பத்தில் சுதாகரின் சொந்தத் தறியில்தான், டிசைன் பிரபாவதியுடையது. தறியில் ஏற்றிய பட்டுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஒன்றே ஒன்று. கெட்டால் முகூர்த்தத்துக்குள் இன்னொன்று ஏற்ற முடியாது.

நெய்ய ஆரம்பித்ததும் சுதாகர் போன் செய்தார்.

"பிரபா, மயிலு வந்துகினுகீது. பார்டர்ல மாங்காவக் காணோம்மா."

"ஸ்கிரிப்ட் முடிஞ்சுதுன்னு சொல்லுச்சே பாவா. மொதல்ல தறிய நிறுத்துங்க."

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். புடவை உடலில் வரும் உருவத்துக்கும் பார்டரில் வரும் உருவத்துக்கும் நடுவில் & போட்டு டிசைனுக்குப் பெயர் வைப்பது தறிக்காரர் வழக்கம். இதன் பெயர் 'மயில்&மாங்காய்'. இவளோ கட்டளையையும் பெயரையும் ஒரே வரியாக ஒட்டி, கணினியில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்திருந்தாள். ஷெல்லுக்கு & என்றால், இதை ஓடவிட்டு அடுத்ததைப் பார் என்று பொருள். அது 'மயில்' என்ற பழைய டிசைனை மாற்றிக் கொடுத்துவிட்டு, மாங்காய் என்றொரு மென்பொருளைத் தேடிப் போயிருக்கிறது. கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறது. அதைக் காதில் வாங்காமல், எது நடந்தாலும் 'முடிந்தது' என்று காட்டும்படி எழுதிவைத்த மகராசி இவள்தான். சொன்னதை இம்மி பிசகாமல் செய்திருக்கிறதே என்று பிரமித்துப்போனாள். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஷெல்லை விலக்கினாள். மென்பொருளின் பெயர் தனி, டிசைனின் பெயர் தனி என்று பிரித்து நேரே கொடுத்தாள். வேலை முடிகிறவரை காத்திரு, சரியாக முடிந்ததற்கு அடையாளமான பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால் அங்கேயே நில், அது என்ன சொன்னதென்று காட்டு என்றும் எழுதினாள். சோதித்துப் பார்க்க இல்லாத பெயரொன்றைக் கொடுத்தாள். அப்படி டிசைனே இல்லை என்று நின்றது. சரியான பெயரைக் கொடுத்தாள். பூஜ்யம் வந்தது. கோப்பைத் திறந்தாள், மயிலும் இருந்தது, மாங்காயும் இருந்தது. திரையைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அதற்குள் ஒரு சாண் நெய்தாகியிருந்தது; மீதியைப் புதுக் கோப்பைக் கொண்டு நெய்தார்கள்.

கல்யாணத்தன்று மலையில், மாங்காய் விழாத அந்த ஒரு சாண் எங்கே என்று அவள் கண் புடவையிலேயே மேய்ந்தது. அம்மு பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா தேடினுகீறே? அத்த உள்ள சொருகிகினேன். வெட்டிடலாமான்னு அண்ணன் கேட்டுது. பிரபாக்கா பாடம் கத்துகின எடம், இருக்கட்டும்னுட்டேன்."