கோடு தாண்டினால் இழுக்கும் கார்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னது? என்னுடையது மத்தியானம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம், கண் கூசும் வெள்ளை. ஒரு பேய் ஒளிந்துகொள்ள பனைமரம்கூடக் கிடையாது.

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அது பழகிவிட்டது. ஆனால் இதில் நான் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. மணி முதற்கொண்டு கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஜெனிஸ். ஊர் தூத்துக்குடி. இருபது வருஷம் சங்கு குளித்தவன். காது கெட்டுப்போன பிறகு கரையேறி வேன் ஓட்டினேன். கடலுக்கடியில் சங்கு பொறுக்குவது நான். மேலே வள்ளத்தில் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சிலுவை, என் மனைவி பிளாரன்ஸின் அண்ணன். எங்கள் ஆட்கள் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். மறுமுனையில் தங்கச்சி தாலி தொங்குகிறது என்று தெரிந்தவன் கண் அசர மாட்டான் அல்லவா?

‘உடனே மேலே வா’ என்பதற்கு எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு. வெடுக், வெடுக்... பிறகு நீளமாக ஒன்று.

வேனிலும் சிலுவை என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவான். பெல்ட் போடச் சொன்னால், பீடியை உதட்டில் வைத்துக்கொண்டே சிரிப்பான்.

“ஏலே மச்சான், கயிறு புடிக்கிறவன் தன்னக் கட்டிப் போட்டுக்கிட்டா முங்குனவன எவம்ல தூக்குவான்?”

நாலு வருஷத்துக்கு முன்னால் மணப்பாட்டுத் திருவிழாவில் சாப்பாட்டை ஒரு கட்டு கட்டிவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்தோம். பழையகாயல் தாண்டியதும் வேன் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே வந்த லாரியில் உரசிக் கவிழ்ந்தது. எனக்கு நெற்றியில் நாலு தையல். சிலுவை வெளியே போய் விழுந்திருந்தான், உயிர் இல்லை. ஆடு குறுக்கே வந்தது என்று போலீசில் எழுதிக்கொடுத்தேன். வீட்டிலும் அதையே சொன்னேன்.

அவன் மனைவி பிலோமினா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ‘அண்ணே’ என்று கூப்பிடுவதையும் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஓட்டும் வண்டியில் ஏறவில்லை. நான் வேனைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால், அவள் பக்கத்திலேயே நடந்து போய் பஸ் ஏறுவாள்.

அதற்காகத்தான் இந்த கார். கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே பிடித்துத் திருப்பும் எலக்ட்ரிக் கார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே ஷோரூமுக்குப் போய்விட்டேன்.

அங்கே சரண்யாதேவி என்ற பெண் ஒரு பெரிய காகிதத்தை விரித்தாள். காரில் நாலு மாடல். இடது பக்கம் வசதிகளின் பெயர் வரிசையாக. எதிரே நாலு கட்டம், கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளி அல்லது சின்னக் கோடு. “இதெல்லாம் ஸ்டாண்டர்டு அண்ணாச்சி, எந்த மாடல் எடுத்தாலும் வரும். மத்தது மாடலப் பொறுத்து” என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். நான் இடது பக்கத்து வரிசையில் விரலை ஓட்டினேன். பதினேழாவது வரியில் நான் தேடிய பெயர் இருந்தது. பெயர் இருந்தால் பொருளும் இருக்கும்தானே? சந்தோஷத்தில், இருப்பதிலேயே சின்ன மாடலை, சிவப்பு நிறத்தில் எடுத்துவிட்டேன். எதிரே இருந்த கட்டத்தை நான் பார்க்கவில்லை. என் அறிவுக்கு அவ்வளவுதான் ரேஞ்ச்.

அடுத்த ஒன்பது நாளும் தெருவில் என் பேச்சைக் கேட்காத ஆள் இல்லை. பிலோமினாவும் கேட்டாள். மணப்பாட்டில் கட்டிக்கொடுத்த அவள் மகள் ஜெர்லினுக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். பஸ் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அண்ணே, கோடு தாண்டுனா நெசமாவே அது இழுக்குமா?”

“சத்தியமா இழுக்கும், தங்கச்சி.”

நாலு வருஷத்துக்குப் பிறகு என் வண்டியில் ஏறினாள்.

மணப்பாட்டில் சம்பந்தி வீட்டில் விடவில்லை. வஞ்சிர மீன் குழம்பு, நெத்திலி வறுவல். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினேன். பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினோம். அம்மாவும் மகளும் பின் சீட்டில். இரண்டு பேருக்கும் நானே பெல்ட் மாட்டிவிட்டேன். பெட்டி, பை எல்லாம் டிக்கியில். முன்னால் என் பக்கத்து சீட் காலி. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலி. புது காரின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை.

பன்னிரண்டு முப்பத்தொன்று. ஆறுமுகநேரி தாண்டியிருப்போம்.

சரக்...

பிளாஸ்டிக் உறை. யாரோ உட்கார்ந்து, இடுப்பை நகர்த்தி வசதி பண்ணிக்கொள்வது போல ஒரு சத்தம். திரும்பினேன். ஒன்றுமில்லை. வெயிலில் பிளாஸ்டிக் நெளியும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

டிங்... டிங்... டிங்...

டாஷ்போர்டில் சிவப்பாகச் சின்னதாக ஒரு ஆள் உருவம். அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. ஒன்பது நாளில் இதை நான் பார்த்ததே இல்லை.

“என்ன மாமா அது?” என்றாள் ஜெர்லின்.

“ஆள் கோட்டத் தாண்டுனா கார் சொல்லுது, பாத்தியா? இதுக்குத்தான் இந்த மாடலு!”

“நீங்க நேராத்தான போறீக?”

“அது என்னய விட உஷாரா இருக்கு, ஏளா.”

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. சிவப்பு ஆள் மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாற்பத்து நான்கு. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா கேட்டாள்:

“அண்ணே, கண்ணாடி எதுவும் தெறந்திருக்கா? நனஞ்ச கயிறு வாடை அடிக்கி.”

கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது.

எனக்கும் அடித்தது அந்த வாடை. உப்பில் ஊறிய கயிறு. அதோடு கொஞ்சம் பீடி... உப்பளம் பக்கத்தில் வந்துவிட்டோம், அதுதான் என்றேன்.

உப்பளத்தில் எவன் பீடி பிடித்துக்கொண்டே காருக்குள் ஊதுவான்? அதை நான் யோசிக்கவில்லை.

பழையகாயல் தாண்டியது. வெள்ளை... ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை. பின்னால் ஜெர்லின் தூங்கிவிட்டாள். ரோடு நேராக, நூல் பிடித்ததுபோல...

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

வெடுக்.

ஸ்டியரிங் இடது பக்கம் துள்ளியது.

வெடுக்.

பிறகு... நீளமாக ஒன்று.

கண்ணைத் திறந்தேன்.

கண் முன்னால் லாரி. அதன் நெற்றி முழுசாக. ஹாரன் என் காதுக்குள். ஸ்டியரிங் சுற்றுகிறது... இடது பக்கமாக. என் கை இரண்டும் மடியில் கிடந்தன.

ஊஊஊங்...

லாரி போய்விட்டது.

கார் உப்பள வரப்பை ஒட்டி மண்ணில் நின்றது.

சரக்.

யாரோ எழுந்த சத்தம்.

சிவப்பு ஆள் அணைந்தான். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

ஜெர்லின் விழித்து வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். பிள்ளை உதைத்தது. நான்தான் பேசினேன். வாய் தந்தியடித்தாலும் பேச்சை விடவில்லை.

“பாத்தியா தங்கச்சி! சொன்னேம்லா? கார் எப்படி இழுத்துச்சு, பாத்தியா!”

பிலோமினா முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறையில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. மெதுவாக, மெதுவாக அது மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். வயிற்றுப் பிள்ளையோடு நாலு உயிரைக் காப்பாற்றிய கம்பெனிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? சரண்யாதேவி பாதி மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி... உங்க மாடல்ல அது கெடையாதே.”

“இழுத்துச்சும்மா. நான் உள்ளதான இருந்தேன்!”

அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தாள். பதினேழாவது வரி. என் மாடலுக்கான கட்டத்தில் புள்ளி இல்லை. சின்னக் கோடு.

நான் விடவில்லை. மானேஜரைக் கூப்பிடு என்றேன். மெக்கானிக் ஜெயகணேஷ் வந்தான். முன்கண்ணாடிக்கு மேலே இருந்த மூடியைக் கழற்றிக் காட்டினான். டாப் மாடலில் கேமரா இருக்கும் இடம். என் காரில் வெறும் ஓட்டை. ஒரு வயர்கூட இல்லை.

“அப்ப அந்தச் சத்தம்? செவப்பு ஆளு?”

லேப்டாப்பைச் செருகிப் பார்த்தான்.

“அது சீட் பெல்ட்டு வார்னிங் அண்ணாச்சி. அது ஸ்டாண்டர்டு, எல்லா மாடல்லயும் உண்டு. முன் சீட்ல ஆளு உக்காந்து பெல்ட்டு போடலன்னா கத்தும். பன்னெண்டு முப்பத்தொண்ணுல இருந்து அம்பத்து மூணு வரைக்கும் பதிவாயிருக்கு. யாரு உக்காந்திருந்தா?”

“யாருமில்ல.”

“மூட்டை, கீட்டை?”

“ஒண்ணுமில்லடே.”

“சரி, ஸ்டியரிங்க மோட்டார் தானாத் திருப்பல. கையாலதான் திருப்பியிருக்கு. நீங்கதான் திருப்பியிருக்கணும்.”

“நான் தூங்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. ஷோரூம் ஏசியில் எனக்கு வியர்த்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஒரு மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேராக பிலோமினா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன்.

“தங்கச்சி, நேத்து நான் தூங்கிட்டேன். அன்னைக்கும் தூங்கிட்டேன். ஆடு வரல.”

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“ஆடு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தேன்.” ஒரு கல்லைப் பொறுக்கித் தூர எறிந்தாள். “நேத்து இழுத்தது காரு இல்ல, அதும் தெரியும். இனிமே தின்னுபோட்டு உடனே வண்டி எடுக்காதீக. எத்தன தடவதான் அவரு இழுப்பாரு?”

எனக்குக் கண் கலங்கவில்லை. மிளகாய் வறுக்கிற வாசனை.

அதற்குப் பிறகு என்னைச் சுற்றி ஒரே யோசனை. காரை விற்றுவிடு என்கிறாள் பிளாரன்ஸ். மந்திரித்து விடச் சொல்கிறார் எதிர்வீட்டு வன்னியபெருமாள். புள்ளி போட்ட டாப் மாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எக்ஸ்சேஞ்ச் உண்டு என்று சரண்யாதேவி வாரம் ஒரு போன் போடுகிறாள். எல்லோருக்கும் ஒரே பதில்: முடியாது. அந்த மாடலில் கேமரா இருக்கும், ராடார் இருக்கும். மச்சான் இருப்பானா?

ஜெர்லினுக்கு ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து இந்த காரில்தான் வீட்டுக்கு வந்தது. பிலோமினா மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில்.

இப்போது பழையகாயல் பக்கம் போகும்போதெல்லாம், வண்டி எடுப்பதற்கு முன்னால் முன் சீட்டு பெல்ட்டை இழுத்து, காலி சீட்டின் மேல் நானே மாட்டிவிடுகிறேன். ஒரு தடவை பறிகொடுத்தது போதும். இனி விடுவதாக இல்லை.

‘டக்’ என்று மாட்டும். இழுத்துப் பார்ப்பேன். கெட்டியாக இருக்கும்.

பழையகாயல் தாண்டும். உப்பளம் வரும்.

சரக்...

நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

டக்.

பெல்ட் தானாகக் கழன்று, மெதுவாக மேலே ஏறிப் போகும்.

டிங்... டிங்... டிங்...