என் கலியாண நாளைத் திருப்பி எடுத்தது

செப்டெம்பர் மூன்றாம் திகதி எனக்குக் கலியாணம். மருதனார்மடத்து மண்டபத்தை அதற்கு எப்போதோ பதிந்துவிட்டோம். அந்த மண்டபத்தின் பதிவு மென்பொருளை எழுதியவளும் நான்தான். அப்படியிருக்க, ஒரு காலை மண்டபக்காரர் தொலைபேசியில், "பிள்ளை, மூண்டாம் திகதி வெறுமையாக் கிடக்கு. உங்கடை பேரைக் காணேல்லை. வேறை ஆக்கள் வந்து இருக்கினம், குடுக்கட்டோ?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ அண்ணை, வாறன்" என்று சத்தம் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அந்த நாள் போனால் அடுத்த நல்ல நாள் தையில்தான் என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். தை வரை பொறுக்கிற ஆள் நானில்லை.

மண்டபக்காரரின் மேசையில் புது மடிக்கணினி இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மகன் கொடுத்ததாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் கணினியும் சொக்லேற் மாதிரித்தான், வெளிநாட்டுப் பெட்டியில் வரும். இவர் 3/9 என்று தட்ட, அது அமெரிக்க வழக்கப்படி மார்ச் ஒன்பதைத் தேடியிருக்கிறது.

தரவுத்தளத்தோடு பேசும் நிரல் நூலகத்துக்கு, நாள் எந்த ஒழுங்கில், எழுத்து எந்த மொழியில் என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. நினைவகத்தில் அதற்கு இடம் ஒதுக்கி, நிரப்பி, இணைப்போடு சேர்த்துவிட வேண்டும். ஒதுக்காவிட்டால் நூலகம் அந்தக் கணினியின் வழக்கத்தையே பிடித்துக்கொள்ளும். நான் அதை ஒதுக்காமல் விட்டிருந்தேன்.

"கொம்பியூட்டரிலை மாத்திவிட்டால் காணாதோ?" என்றார் மண்டபக்காரர்.

போதாது. நாளைக்கு இன்னொரு மகன் இன்னொன்றைக் கொண்டுவருவான். அமைப்பை மென்பொருளுக்குள்ளேயே ஒதுக்கி, நாள் முதலில், மாதம் பிறகு என்று நிரப்பினேன். 3/9 தட்டியதும் என் பெயர் வந்து நின்றது.

அந்த நாளைக் கேட்டு வந்து எதிரே மகளோடு இருந்த அம்மா விடவில்லை. "இவ்வளவு நேரமும் இல்லாத பேர், நீர் தட்டின உடனை வருதோ?"

கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அவருடைய மூத்த மகளின் கலியாணமும் இதே மண்டபத்தில்தான் நடந்ததாம். அந்தத் திகதியை அவரையே தட்டச் சொன்னேன். மூத்தவளின் பெயர் வந்தது. புது அமைப்பை இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. அம்மா கைப்பையை எடுத்தார்.

மகள்தான் எழும்பவில்லை. "அக்கா, எனக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு அந்தக் கிழமைதான் லீவு. நீங்கள் மாத்த ஏலாதோ?" கண் கலங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு நொந்தது.

"ஏலாது தங்கச்சி. அது என்ரை நாள்."

சொன்ன பிறகு அவளை அப்படியே விட மனம் வரவில்லை. கொக்குவில் பக்கத்து மண்டபம் ஒன்றுக்கு நானே தொலைபேசி எடுத்து, அவளுக்கும் அதே நாளைக் கேட்டேன்.