இரு கைகளாலும் உறுதியாகப் பிடிக்கவும்

போன ஞாயிறு மொரப்பூர் போயிருந்தோம். மாமனார் வீடு. பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் கட்டையைச் சாய்த்துவிட்டார்கள். கொழுந்தியாள் அருள்மேரி மட்டும் டிவி முன்னால். மடியில் கேம் கன்ட்ரோலர். அதன் மேல் குனிந்து, தாடையால் எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"சண்டை போடறேங்க மாமா. பேசாதீங்க."

அருள்மேரிக்கு இருபத்தெட்டு வயது. கம்பைநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை. பிறவியிலேயே இடது முழங்கைக்குக் கீழே கிடையாது. ஒற்றைக் கையில் அவள் டைப் அடிக்கும் வேகத்துக்கு, இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

அவளுக்கு ஒரு அனிமே பைத்தியம் உண்டு. (ஜப்பான் கார்ட்டூன் என்று சொன்னால் முறைப்பாள்.) தமிழ் டப்பிங்கில் வந்த ஒரு தொடரை மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறாள். கதாநாயகி வாள் வீசுகிறவள். முதல் எபிசோடிலேயே இடது கை போய்விடுகிறது. அதற்காக உட்கார்ந்து அழுவதில்லை... மீதி எபிசோடுகள் முழுக்க வெளுத்து வாங்குகிறாள்.

"என்னை மாதிரி ஒருத்தி, பிச்சை எடுக்காம, கடைசி சீன்ல கை குணமாகாம வந்தது இதுல மட்டுந்தாங்க மாமா" என்று ஒருமுறை சொன்னாள்.

அந்தத் தொடர் இப்போது வீடியோ கேமாக வந்திருக்கிறது. வந்த வாரமே வாங்கிவிட்டாள்.

நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம். அசத்தியிருக்கிறார்கள். மழை பெய்தால் நமக்குக் குளிர்கிறது. வாளைச் சுழற்றும்போது கதாநாயகியின் உடம்பு வலது பக்கம் லேசாகச் சாய்கிறது. ஒரு காட்சியில், ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தலைமுடியைக் கட்டுகிறாள். அருள்மேரி அதை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். "நானும் இப்படித்தாங்க கட்டுவேன். பாருங்க, அதே கோணம்."

சரி, அப்புறம் தாடை எதற்கு?

அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. கடைசி வில்லனை வீழ்த்த ஒரே ஒரு அடிதான் உண்டு. கன்ட்ரோலரின் இடது பட்டனையும் வலது பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி, நடுவில் இருக்கும் குமிழையும் திருப்ப வேண்டும். மற்ற பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்த இரண்டையும் நகர்த்தவும் முடியாது, சேர்த்து அழுத்துவதற்கு மாற்றும் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் கைக்காரியாக விளையாட இரண்டு கை வேண்டும்! அத்தனை பேர் உட்கார்ந்து செய்திருப்பார்களே, ஒருவருக்குக்கூடவா உறைக்கவில்லை?

அருள்மேரி சும்மா இருக்கவில்லை. தன் நிலைமையை விளக்கி, ஆங்கிலத்தில் நிறுவனத்துக்கு எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. போனில் எனக்குக் காட்டினாள். ஆதரவுக்கு நன்றியாம். கன்ட்ரோலரை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று சரிபார்க்கவும் என்று ஒரு யோசனை. கீழே சிரிக்கும் பொம்மை.

"காரசாரமா இன்னொண்ணு எழுதும்மா" என்றேன். அவளோ, "விடுங்க மாமா, படிச்சே பார்த்திருக்க மாட்டாங்க" என்றாள். படிக்காமல் பதில் எழுதுவது அதைவிடக் கேவலம் இல்லையா?

"நான் ஒரு பக்கம் அழுத்தறேம்மா" என்று உட்கார்ந்தேன். ஏழு முறை தோற்றோம். ஏழும் என்னால். எட்டாவது முறை கன்ட்ரோலரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க ஜெயிச்சுக் குடுத்தா அது என் சண்டை இல்லீங்க. தள்ளி உட்காருங்க."

கன்ட்ரோலரை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கினாள். தாடை இடது பட்டனில், ஆள்காட்டி விரல் வலது பட்டனில், கட்டை விரல் குமிழில். டிவி பாதிதான் அவள் கண்ணுக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே வில்லன் எந்தப் பக்கம் வருகிறான் என்று கணித்தாள். விழுந்தாள், மறுபடி எழுந்தாள். தனியாக ஆடிய நான்காவது முயற்சியில்... வில்லன் சரிந்தான்!

நான் கத்திய கத்தலில் மாமனார் எழுந்து வந்துவிட்டார். "என்னாச்சுங்க மாப்பிள்ளை?" என்றார். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"பெரிய சாதனைம்மா! இதை என் பத்திரிகைப் பத்தியில எழுதப்போறேன். தன்னம்பிக்கைன்னா இதுதான்!"

அருள்மேரி தாடையைத் தேய்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். வில்லனைப் பார்த்த அதே பார்வை.

"என்னங்க சாதனை? பத்து நாளா கழுத்தைத் திருப்ப முடியல. எழுதறதுன்னா அவனுங்க பண்ணது தப்புன்னு எழுதுங்க. என்னைப் பாராட்டி அதை மூடாதீங்க."

எழுதிவிட்டேன். இரு கைகளாலும்.