பாதியில் நின்ற தேசப்படம்

சந்தனம் காய்ந்த புத்தக அட்டைக்கென்று ஒரு மணம் உண்டு. புதுக் காகித வாடையும் கற்பூரப் புகையும், அவற்றுக்கு அடியில் இலேசான எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த மணம் அது. ஆறாம் வகுப்பின் கடைசித் தவணையில் என் புத்தகங்கள் அத்தனையும் அப்படித்தான் மணத்தன. மற்றவர்களுக்கு அது பக்தியை நினைவூட்டலாம், எனக்கு வயிறு எரிகிறது. இதை இனிய நினைவாக எழுத நான் உட்காரவில்லை என்பதை வாசகர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நாங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வந்தவர்கள். காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தோம். அப்பாவுக்கு முனிசிபல் கால்வாய் வேலை. அம்மா பண்டார் ஹிலிர் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தாள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதை அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருந்த செட்டி மக்கள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேர்விட்டவர்கள், தமிழ் பேசமாட்டார்கள். அப்பா அவர்களிடம் தமக்குத் தெரிந்த மலாயில் "அனாக் சாயா பாண்டாய்", என் பிள்ளை கெட்டிக்காரன் என்று சொல்வார். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

பண்டார் ஹிலிர் திடலில் சனங்கள் "மெர்டேக்கா", விடுதலை என்று தொண்டை கிழியக் கத்தியது எல்லார் காதிலும் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. புது நாட்டில் எல்லாம் புதிதாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியரை நாங்கள் "பெரிய வாத்தியார்" என்போம். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆறாம் வகுப்பை முடிப்பவர்களில் சிலரை மட்டும் ஆங்கிலப் பள்ளியின் புகுமுக வகுப்புக்கு அவர் சிபாரிசு செய்வார். மற்றவர்கள் எங்கள் பள்ளிக் கொட்டகையிலேயே ஏழாம் வகுப்பை முடித்துவிட்டு மண்வெட்டியைத் தேடிப் போகவேண்டியதுதான். அதுவரை பரீட்சையில் எடுத்த மார்க்கை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுத்து வந்தார். அந்த வருடம் வகுப்பில் வந்து நின்று, "இனிமே வீட்டுப்பாடத்துக்கும் மார்க்கு உண்டு. ரெண்டையும் கூட்டித்தான் பேரு போடுவேன். வீட்ல படிக்கிறவன்தான் உண்மையிலே படிக்கிறவன்" என்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் பக்கத்து இருக்கைக்காரன் சந்திரன், ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்த முதலாளியின் மகன். நல்லவன், தின்பதில் பாதியைப் பிட்டுக் கொடுப்பவன், அவன்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அவன் வீட்டில் மேசை இருந்தது, மின்விளக்கு இருந்தது, சாயங்காலம் கடைக் கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் போட்டுக் காட்டுவார். எனக்கோ பள்ளி விட்டதும் வெளுத்த துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு வீடு வீடாகப் போகும் வேலை. திரும்பிவந்து, தகர டிரங்குப் பெட்டிமேல் நோட்டை விரித்து நான் போடும் கணக்கில் தவறு இருக்காது, ஆனால் கடைசி இரண்டு கணக்கு பாக்கி நிற்கும். பெரிய வாத்தியார் பாக்கியைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு வாரமும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நான் தேய்ந்துகொண்டு வந்தேன். இருந்தாலும் பரீட்சையில் பிடித்துவிடலாம் என்ற துணிச்சல் இருந்தது.

நவராத்திரி வந்தது. பூசைக்கு விட்ட விடுமுறையில் செய்துவரும்படி பெரிய வாத்தியார் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு பெரிய தாளில் மலாயாவின் தேசப்படம் வரைந்து, பதினொரு மாநிலத்துக்கும் வண்ணம் தீட்டி, எங்கெங்கே என்னென்ன விளைகிறது என்று குறித்து, விஜயதசமி கழித்துப் பள்ளி திறக்கும் அன்று காலையில் கொண்டுவர வேண்டும். வருடத்தின் கடைசி வீட்டுப்பாடம் என்பதால் அதற்குத்தான் மார்க்கு அதிகம் என்றும் சொல்லிவிட்டார்.

தாளை வாங்கி, அன்று சாயங்காலமே வடகோடிப் பெர்லிஸில் தொடங்கி மேற்குக் கரையை வரைந்துகொண்டு வந்தேன். மலாக்கா வரைக்கும் வந்தாயிற்று. அப்போது அப்பா வந்து நின்றார்.

"போதும் தம்பி. எல்லாத்தையும் எடுத்து அம்மாகிட்ட குடு. நாளைக்குச் சரஸ்வதி பூச."

அந்தத் தாளை, புத்தகங்களை, பேனாவை, பென்சிலை, அடிக்கோலை, ஒன்று விடாமல் அம்மா வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினாள். பக்கத்தில் அப்பாவின் மண்வெட்டி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. இதில் என் பெற்றோர் செய்தது அவர்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் மரம் சீவும் கத்தியையும் பால் வாளியையும் கழுவிச் சாமி முன்னால் வைப்பார்கள். வைத்தபின் யாரும் தொடமாட்டார்கள், பூசை முடிந்து எடுத்துக் கொடுக்கும்வரை மரத்துப் பக்கம் போகமாட்டார்கள். புத்தகம் என்ற ஆயுதம் வீட்டுக்குள் வந்தது அவர்களுக்குப் புதிது. கத்திக்குத் தெரிந்த முறையையே அதற்கும் செய்தார்கள்.

மறுநாள் நான் மெல்லக் கையை நீட்டினேன்.

"கைய எடு!" என்றாள் அம்மா. "சாமி கையில இருக்கிறத புடுங்குவியா?"

"வீட்டுப்பாடம்மா. மார்க்கு இருக்கு."

"அந்த மார்க்க குடுக்கிறவளே அவதான. அவகிட்ட இருந்தே எடுத்து எழுதுனா எப்படிடா வெளங்கும்?"

அப்பாவைப் பார்த்தேன். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் "பேரை", அன்றைய கூலியை, விட்டுவிட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். "நானே மம்பட்டிய தொடல," என்றார். "கத்திய பூசையில வச்சிட்டு வேற கத்தியால மரம் சீவுனவன யாராச்சும் பாத்திருக்கியா? விசயதசமியும் கழியட்டும், நாளன்னைக்கு எடுத்து எழுது லா, ஓடியா போயிடும்?"

விஜயதசமிக்கு மறுநாள் கருக்கலில் அம்மா புத்தகங்களை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்குக் கிளம்புமுன் தெற்கே ஜொகூர் முனையைத் தொட்டு, கிழக்குக் கரையில் கொஞ்சம் ஏறினேன். பகாங்கில் நின்றுவிட்டது. கிளந்தான், திரெங்கானு எதுவும் இல்லை. தாளின் மூலையில் சந்தனம் ஊறி மஞ்சளாய்ப் படர்ந்திருந்தது.

வகுப்பில் சந்திரனின் தேசப்படம் கணக்கப்பிள்ளையின் அழகான கையெழுத்தில், கடை லேபிள் எழுதும் வண்ண மையில், சுவரில் மாட்டக்கூடியதாக இருந்தது. என்னுடையதைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எல்லாத்தையுமா வச்சீங்க?" என்றான். "எங்க வீட்ல போன வருசத்துப் பொஸ்தகத்தத்தான் வப்பாங்க. சாமிக்கு எந்த வகுப்புன்னு தெரியவா போவுது?"

பெரிய வாத்தியார் என் தாளை இரண்டு கைகளாலும் தூக்கி வகுப்புக்குக் காட்டினார்.

"ஏண்டா, மெர்டேக்கா பாதி நாட்டுக்குத்தான் கெடச்சுதா? மிச்சத்த வெள்ளக்காரனுக்கே திருப்பிக் குடுத்திட்டியா?"

வகுப்பே சிரித்தது. சந்திரன்கூடச் சிரித்தான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"சாமிக்கு வச்சுட்டாங்க சார்."

"நாங்க மட்டும் சாமி கும்பிடாதவங்களா? எங்க வீட்லயும்தான் பூச நடந்துச்சு. வேலையும் நடந்துச்சு. இதென்ன மூலையில, சாம்பாரா?"

அவர் தமிழர். சந்தனம் எது, சாம்பார் எது என்று தெரியாதவர் அல்ல. இதைத்தான் நான் மன்னிக்க மறுக்கிறேன். சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம் போட்டார், முட்டை மார்க்கு.

பிறகு பரீட்சை வந்தது. பரீட்சையில் மேசையும் விளக்கும் கணக்கப்பிள்ளையும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தாள். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதே பரீட்சையில் பெர்லிஸ் எங்கிருக்கிறது என்ற கேள்விக்கு, தேசப்படத்துக்கு முழு மார்க்கு வாங்கிய சந்திரன் "ஜொகூருக்குப் பக்கத்தில்" என்று எழுதியிருந்தான். இருந்தும், கூட்டிக் கழித்துச் சிபாரிசுப் பட்டியல் வந்தபோது அவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அறைக்குள் பெரிய வாத்தியார் உட்காரச் சொன்னார், அப்பா உட்காரவில்லை.

"பரிச்சையில எம்மவன்தான் மொதல்னு சொன்னாங்க சார்."

"ஆமா, ஒங்க பையன்தான். நான் இல்லேங்கலயே."

"அப்பறம் பேரு இல்லீங்களே."

"வீட்டுப்பாடம் சரியா செய்யல. அங்க போனா இன்னும் நெறயா குடுப்பாங்க. வீட்ல ஒக்காந்து சொல்லிக் குடுக்க ஆளு வேணும். ஒங்க வீட்ல யாரு இருக்கா? பாதியில நின்னுட்டு வர்றதுக்கு, இங்கயே ஏழாவது முடிக்கட்டும். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

குரலை உயர்த்தாமல், அன்பாகவே சொன்னார். தம் வாயால் தம் மார்க்கு விதியின் உண்மையையே பிட்டுப் பிட்டு வைத்துவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் என் குற்றம். அந்த மார்க்கு என் மூளைக்கோ உழைப்புக்கோ போட்டதல்ல. எங்கள் பின்பக்க அறைக்கும், டிரங்குப் பெட்டிக்கும், கைநாட்டுப் பெற்றோருக்கும் போட்ட மார்க்கு. அதை அப்பா அங்கே உடைத்துக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார்," என்றார். "எங்களுக்கு வெவரம் பத்தல."

வீட்டுக்கு வந்ததும் அவர் கோபமெல்லாம் அம்மாமேல் திரும்பியது. "எல்லாத்தையும் வைய்யி, வைய்யின்னு வாங்கி வச்சியே, இப்ப பாரு."

"கத்தி, கத்தின்னு கத சொன்னது யாரு? நானா?"

எவனோ ஒருவன் வகுத்த விதியால் என் வீட்டில் இரண்டு பேர், எந்தத் தப்பும் செய்யாத இரண்டு பேர், ஒருவரையொருவர் குற்றவாளியாக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சந்திரன் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போனான், நான் அதே கொட்டகையில் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தேன். பிறகு பயிற்சி வகுப்புகளுக்குப் போய், முட்டி மோதி, இன்று புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியனாக நிற்கிறேன். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்பார்கள். என்னோடு ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அப்படிச் சொல்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. வீட்டுப்பாடத்தையும் மார்க்கில் சேர்த்தால்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்று எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் மறுபடியும் பேசுகிறார்கள். வீட்டுப்பாடம் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். திருத்துங்கள், தவறைக் காட்டுங்கள், வேண்டுமானால் திட்டுங்கள். ஆனால் பள்ளிக்கூடம் பார்க்காத இடத்தில், யார் கை எழுதியது என்று தெரியாத தாளுக்கு மார்க்குப் போட்டு, அதை வைத்து ஒரு பிள்ளையின் வழியை அடைக்காதீர்கள். அது பொறுப்பைச் சொல்லிக்கொடுப்பது அல்ல, இருக்கிறவன் வீட்டைப் பார்த்துக் கும்பிடு போடுவது. போன கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், "தம்பி சின்ன வயசு, சூடா பேசுது" என்றார். சூடாகத்தான் பேசுகிறேன்.

ஏழாம் வகுப்பு என்ற ஒன்றே இப்போது இல்லை. அந்தக் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கல் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பெரிய வாத்தியாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். என் தங்கை இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன சரஸ்வதி பூசைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அவல், கடலை, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்திருந்தாள் அம்மா. அப்பாவின் மண்வெட்டியும் இருந்தது. தங்கை அறையின் மூலையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பொஸ்தகம் ஒண்ணும் வைக்கலயாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் திரியைத் தூண்டினாள்.

"மெதுவா பேசு," என்றாள். "புள்ள எழுதுது."