மலை வண்டிக்குள் இருந்த 214-ம் அட்டை

1. படுத்துக்கொண்டு வந்த வண்டி

கார்த்திகை மழை விட்ட மறுநாள், ஆரணி சேவூர் ரோட்டில் என் பைக் பட்டறை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மேலே சுமதி மேடத்தின் மலை வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். எனக்குப் பகீரென்றது.

மலை வண்டி என்றால் ஒரு வகை மோட்டார் பைக்; சின்ன இன்ஜின், உயரமான சீட், பட்டன் பட்டனாகப் புடைத்த டயர். கல்லிலும் சேற்றிலும் ஏறுவதற்கென்றே செய்தது. ஆரணியில் பட்டுச் சேலை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது எதற்கு? சுமதி மேடம் கால்நடை ஆய்வாளர். ஜவ்வாது மலையில் தார் ரோடு முடிந்த பிறகும் ஊர் இருக்கிறது, மாடு இருக்கிறது. ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தை வைத்துக் கட்டிக்கொண்டு ஆறு வருடமாக இந்த வண்டியில்தான் போய்வருகிறார்.

"ஏத்தத்துல போய்கினு இருந்தேன்ணா. திடீர்னு ஜாம் ஆயிடுச்சு. கிக்கர் இறங்கவே மாட்டேங்குது" என்றார்.

கூட வந்த அவர் வீட்டுக்காரர் அரிசி மில்லில் சூப்பர்வைசர். "நான் அப்பவே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு இந்த பேஜார்னு. ஆபீஸ் வேலைக்கு எழுதிக் குடுத்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோன்னா கேக்கறதில்ல."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து டீக்கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி, "ஆயில் பாக்காம ஓட்டிகினு இருந்தா இன்னா ஆவும் மேடம்? இன்ஜின் புடிச்சுக்காம கொஞ்சுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "வாராவாரம் பாத்தனே அண்ணா" என்று அவர் சொன்னது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது.

தை முடிவதற்குள் வண்டி எழுந்தால் சரி, இல்லையென்றால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு ஆபீஸ் வேலை என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். மேடம் வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டார். தன் தப்பு என்றே நம்பிவிட்டார்.

2. டிரெயின் போல்ட்

அன்று மத்தியானமே, இன்ஜினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் கறுப்பாக வந்தது. ஆனால் முழு அளவும் வந்தது. அப்படியென்றால் மேடம் ஆயில் குறையாமல்தான் வைத்திருந்தார். அடுத்து ஆயில் ஃபில்டர் மூடியைத் திறந்தேன்.

ஆடி மாதம் அந்த மூடியில் ஆயில் கசிகிறது என்று மேடம் வந்திருந்தார். கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கும் கம்பெனி கேஸ்கெட் வரப் பத்து நாள் ஆகும். அவருக்கோ மறுநாள் மலை. என் மனைவி கோமதி பட்டுத் தறி நெய்கிறவள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் டிசைனுக்காக ஓட்டை போட்ட அட்டைகள் வரிசை நம்பரோடு தொங்கும். டிசைன் மாறினால் பழைய அட்டை மூட்டைக்குப் போய்விடும். நல்ல கெட்டி அட்டை. ஓட்டை இல்லாத ஓரமாகப் பார்த்து அதில் கேஸ்கெட் வெட்டுவது என் கெட்டிக்காரத்தனம். அன்றும் வெட்டினேன்.

ஆயில் மேலே இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு ஏறுவதற்கு அந்த கேஸ்கெட்டில் ஒரு துளை வேண்டும். அவசரத்தில் சின்னதாகப் போட்டிருந்தேன். ஆயில் சூட்டில் அட்டை ஊறி உப்பி, துளை குண்டூசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. கீழே ஆயில் நிறைய இருக்க, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் வறண்டு, சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. பிஸ்டனும் சூட்டில் இறுகி, அது ஓடும் பிளாக்கைக் கீறியிருந்தது.

டீ கொண்டுவந்த கோமதி என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அட்டையின் ஓரத்தில் 214 என்று அவள் எழுதிய நம்பர் அழியாமல் இருந்தது.

"இது நான் போட்ட நம்பராச்சே. இதுக்குள்ள எப்படி போச்சு?"

அட்டையை டிராயரில் போட்டு மூடினேன். வெட்கம்தான், வேறென்ன? இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

3. மார்கழி வேலை

வண்டியை ஃபிரேம் வரை பிரித்தேன். பிளாக்கை வேலூரில் லேத்துக்குக் கொடுத்து உள்துளையைக் கடைந்து, புது பிஸ்டன், புது கேம். பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து ஆடியது, மாற்றினேன். ஒடிந்த ஸ்போக்குகளை மாற்றி வீலின் கோட்டத்தை எடுத்தேன். ஒயரிங்கில் பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி ஃபிரேமுக்குள் இழுத்தேன். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைப்பதும் அப்படித்தான். "எங்க வேலைய திருடிட்டீங்க" என்று கோமதி சிரித்தாள்.

ஃபில்டர் மூடிக்குக் கம்பெனி கேஸ்கெட்டே வரவழைத்தேன். பத்து நாள் ஆனது. ஆகட்டும். சும்மா சொல்லவில்லை, கம்பெனியில்கூட அந்த வண்டியை அவ்வளவு சுத்தமாகப் பூட்டியிருக்க மாட்டார்கள்.

4. டெலிவரி

தை கடைசி வாரம் மேடத்தையும் வீட்டுக்காரரையும் வரச்சொன்னேன். டீக்கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் சொன்னேன். ஹெட்டின் மேலுள்ள டேப்பட் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, மேலே ஆயில் ஊறி வருவதை மேடத்துக்குக் காட்டினேன். பிறகு இன்ஜினை நிறுத்தி மூடியைப் பூட்டிவிட்டு, டிராயரைத் திறந்து அட்டையை எடுத்தேன்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மேடம் ஆயில் கரெக்டா வெச்சிருந்தாங்க. அத மேல போவ விடாம அடைச்சது இந்த அட்டை. வெட்டினவன் நானு. ஸ்பேரு, கூலி எல்லாம் என்னோடது."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் ஓட்டினதுல தப்பே இல்லியா அண்ணா?" என்று கேட்டார் மேடம். இரண்டு மாதமாக அவர் அதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு தப்பும் இல்லமா. ஏத்தத்துல இன்ஜின் புடிச்சா பின் வீல் லாக் ஆயிடும். அப்பவும் கீழ போடாம நிறுத்தியிருக்கீங்க. ஒரு பிரேக் லிவர்கூட வளையல. நானா இருந்தா பள்ளத்துல கிடந்திருப்பேன்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஒரே கிக். ஆற்றோரம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்காரர் ஐஸ் பெட்டியைத் தானே எடுத்துப் பின்னால் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"மேல போய் சேந்ததும் போன் பண்ணு" என்றார். ஆபீஸ் வேலையைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிரெயின் போல்ட்டைக் கழற்றும் முன் ஓட்டியவர் மேல் பழி போடாதீர்கள். அந்த அட்டையை ஸ்பானர் மாட்டும் பலகையில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். சுமதி மேடத்தின் வண்டியைப் பிரித்துப் பூட்டியது யார் என்று கேட்டால் மார் தட்டிக்கொண்டு நான் என்பேன். கெடுத்தது யார் என்று கேட்டாலும் அதே பதில்தான்.