வெலியா வாங்கோ, போட்டோ

பேய் பிசாசில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள், என் மச்சானே அப்படித்தான் பார்த்தான். நான் காலாட்படையில் இருந்தவன். செத்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், குளிர் தாங்காமல் அவர்களுடைய கம்பளியையே எடுத்துப் போர்த்தியிருக்கிறேன், யாரும் எழுந்து வந்து திருப்பிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், பூசை பார்ப்பேன், அதோடு சரி.

என்னிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய போட்டோ உண்டு. எல்லாம் கார்கில் சண்டை சமயத்தில் எடுத்தவை. சண்டைப் படம் என்றதும் துப்பாக்கியும் புகையுமாக இருக்கும் என்று நினைப்பீர்கள், அப்படி ஒன்றுகூடக் கிடையாது. ஒருவன் பாறையில் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருப்பான். இரண்டு பேர் பனிக்கட்டியை டப்பாவில் போட்டு ஸ்டவ்வில் உருக்கிக்கொண்டிருப்பார்கள், குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. குண்டுப்பெட்டி மேல் தலை வைத்து ஒருவன் வாய் பிளந்து தூங்குவான். மூட்டை சுமக்கும் கோவேறு கழுதை ஒன்று, நகர மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் எடுத்தவன் கிஷன்.

கிஷன் உத்தராகண்ட் மலைக்காரன். எங்கள் படைப்பிரிவில் எல்லா மாநிலத்து ஆட்களும் கலந்திருந்தோம். அவனிடம் சின்னதாக ஒரு பிலிம் கேமரா இருந்தது. பங்கருக்குள் வெளிச்சம் போதாது என்பதால் எப்போதும் எங்களை வெளியே கூப்பிட்டுத்தான் எடுப்பான். எனக்காகத் தமிழில் கூப்பிட வேண்டும் என்று ஆசை. "எல்லாரும் வெளியே வாங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் நாக்குக்கு அது வரவில்லை. "எல்லாம் வெலியா வாங்கோ, போட்டோ" என்பான். நம்பினால் நம்புங்கள், அந்தக் குரல் கேட்டால் கையில் இருக்கும் ரொட்டியைப் போட்டுவிட்டுப் போவோம். படம் எடுத்தால் ஊருக்கு அனுப்பலாம் அல்லவா.

சண்டை முடியப்போகும் சமயத்தில், தண்ணீர் எடுக்க இறங்கியவன் மேல் ஷெல் விழுந்தது. அவனைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும். கேமராவை அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். கழுவி வாங்கியிருந்த படங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இருந்தன. மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் போகும்போது, "நீதான் பத்திரமா வெச்சிருப்ப" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். விழுப்புரத்தில் காணை போகிற ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. என் மாமனார் கட்டியது, மரக்கட்டைகள் மேல் தளம் போட்ட பழைய மெத்தை வீடு. என் மகள் ரெஜினா திண்டிவனத்தில் டீச்சர். அவள் பள்ளிக்கூடத்தில் படங்களைக் கண்காட்சியாக வைக்கக் கேட்டார்கள். முக்கியமான படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தேன். எடுத்துப்போக ரெஜினா தன் குழந்தை ஜெனியோடு வந்திருந்தாள். ஜெனிக்கு அப்போது மூன்று வயசு முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வந்து, படங்களோடு என்னையும் போட்டோ எடுப்பார் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க மழை. அன்றைக்குத்தான் கொஞ்சம் விட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஜெனி ஹாலில் பாயில் தூங்கினாள். என் மனைவி ஸ்டெல்லா அடுப்படியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுத்துக்கொண்டிருந்தாள். ரெஜினா மாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடப் போயிருந்தாள். நான் பின்பக்கம் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

வாசல் பக்கமிருந்து குரல் கேட்டது. "எல்லாம் வெலியா வாங்கோ, போட்டோ."

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் விஷயம். யார் குரல், எத்தனை வருஷம் ஆயிற்று, ஒன்றும் தோன்றவில்லை. கால் தானாகக் கிளம்பிவிட்டது. பக்கத்துச் சந்து வழியாக ஈரக்கையோடு தெருவுக்கு ஓடிவந்தேன். எனக்குப் பின்னால் கரண்டியோடு ஸ்டெல்லா. மாடிப்படி வெளியே இருந்ததால் ரெஜினாவும் இறங்கி வந்துவிட்டாள். தெருவில் யாரும் இல்லை.

"போட்டோக்காரர் எங்கப்பா?" என்றாள் ரெஜினா. "மாடியில தண்ணி தள்ளிக்கினு இருந்தேன், கூப்ட்டாரே."

"எனுக்கும் கேட்டுச்சு," என்றாள் ஸ்டெல்லா. "வெலியான்னாரு. வெளியூர்க்காரர் போலன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அது கிஷன் குரல் என்று எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் வீட்டுக்குள் பெரிய கிளை முறிகிற மாதிரி சத்தம் வந்தது. ஹாலின் கூரை அப்படியே உட்கார்ந்தது. முன்சுவரும் கூடவே சரிந்தது. தூசி எங்கள் முகத்தில் அடித்தது.

"ஜெனி எங்க? உள்ள தூங்கிக்கினு இருந்தாளே," என்றாள் ஸ்டெல்லா. அந்தக் குரலுக்கு ஓடிவந்ததில் குழந்தை நினைப்பே எங்களுக்கு வரவில்லை. ரெஜினா இடிந்த சுவர் மேல் ஏறிக் கையால் செங்கல்லை இழுத்து இழுத்துப் போட்டாள். நானும் இழுத்தேன். மலைமேல் ஷெல் விழுந்த பங்கரைத் தோண்டியிருக்கிறேன், அதே வேகத்தில் தோண்டினேன்.

எதிர்வீட்டு ஏழுமலை குரல் கொடுத்தார். சின்ன லாரி வைத்து ஓட்டுகிறவர், தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர். "அண்ணே, இங்க பாருங்க. கொயந்த இங்க கீது."

அவருடைய லாரிக்குப் பக்கத்தில் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தூக்கம் கலைந்த முகத்தோடு எங்களைப் பார்த்து, "பாட்டி, மல்லாட்டை குடு," என்றாள்.

ரெஜினா அவளை அள்ளிக்கொண்டு நடுத்தெருவில் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெல்லா அழுதாள், பிறகு சிரித்தாள், கையில் இருந்த கரண்டியைப் பார்த்து இன்னும் சிரித்தாள். ஏழுமலை வீட்டில் டீ போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. வீடு போச்சே என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள், நாங்கள் சிரிப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள். வீடு கிடக்கட்டும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

ஏழுமலையிடம், கூப்பிட்டது யார் என்று கேட்டேன். "யாரும் வரலண்ணே. நான் இங்கியேதான் குந்திக்கினு இருந்தேன். சத்தமும் கேக்கல. நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடியாந்தீங்க, இன்னா பேஜாருன்னு பாத்துக்கினு இருந்தேன்." ஜெனி எப்போது வந்தாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதில், போட்டோ எடுக்கிறவர் மழைக்குப் பயந்து அன்றைக்குத் திண்டிவனத்தை விட்டே கிளம்பவில்லையாம்.

மறுநாள் ஆட்கள் வைத்து இடிபாட்டை அள்ளினோம். சட்டங்களின் கண்ணாடி எல்லாம் நொறுங்கிவிட்டது. படங்கள் ஈரமாகவும் மண்ணாகவும் கிடைத்தன, ஆனால் கிழியவில்லை. ஸ்டெல்லா துணி காயப்போடுகிற கொடியில் ஒவ்வொன்றாக மாட்டிக் காயவைத்தாள். பிற்பாடு திண்டிவனத்தில் கண்காட்சி நடந்தது. பிள்ளைகள் கழுதைப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கிஷனைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன், அன்றைய குரலைப் பற்றிப் பேசவில்லை. நிம்மதியாக ஊர் திரும்பினேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஏதோ கேட்டுவிட்டோம், தெருவில் எவனோ எதற்கோ கூப்பிட்டிருப்பான் என்று சொல்லிக்கொள்ளலாம். குழந்தை தானே எழுந்து வந்திருக்கும் என்றும் சொல்லலாம். என் மச்சான் அப்படித்தான் சொல்கிறான், நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன்.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. ஜெனியைத் தெருவில் பார்த்தபோது அவள் காலில் ஷூ இருந்தது. தூங்கப் போகுமுன் ரெஜினாவே அதைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். குழந்தைக்கு ஷூ போட வராது, கயிறு கட்டச் சுத்தமாக வராது. கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்தது, நுனிகள் இரண்டும் உள்ளே செருகியிருந்தன. இருட்டில் மலை ஏறும்போது கல்லில் மாட்டாமல் இருக்க நாங்கள் அப்படித்தான் செருகுவோம். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கட்டுத் தெரியாது. நான்தான் அவிழ்த்தேன், விரலை விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஜெனி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைக்கு யார் ஷூ போட்டுவிட்டது என்று எப்போதாவது கேட்பேன். ஆளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. யோசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்.

"அவுரு கை ஐஸ் மாதிரி இருந்துச்சு தாத்தா."